மறைந்திருந்த மலை

எங்கள் ஊர் மறைமலைநகர். 1876-ல் பிறந்த வேதாசலம் என்ற தமிழறிஞர், வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை என்று தன் பெயரையே தமிழாக்கி மறைமலை அடிகள் ஆனார். அவர் பெயர் கொண்ட ஊர். ஆனால், எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு மலை மறைந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவும் பனிமலை!

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஃப்ரீஸரைத் திறந்தால் அமர்நாத் குகை மாதிரி இருந்தது. ஐஸ் ட்ரே எங்கே இருக்கிறது என்று தொல்பொருள் துறைதான் தோண்டிச் சொல்ல வேண்டும். டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கி, எல்லாம் உருகி, ஹாலெல்லாம் தண்ணீர் ஓட, துடைத்துவிட்டு நிமிர்ந்தால், நாலே நாளில் மறுபடி மலை.

மெக்கானிக் வந்தார். முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு. "கேஸ் போயிருச்சு சார். ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்.

"கேஸ் போனா குளிர்ச்சிதானே குறையணும்? இங்கே ஐஸ்கட்டி கிலோ கணக்குல விளையுதே?" என்றாள் என் மனைவி. அவருக்கு அவசரமாக வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

சரி, நாமே பார்ப்போம் என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். "டேய்! குத்திக் கித்தி ஓட்டை போட்டுடாதே" என்று அம்மா அலறினார். நியாயம்தான். கேஸ் ஓடுகிற குழாய் அந்தத் தகட்டோடுதான் ஒட்டியிருக்கிறது. குத்தியிருந்தால் மெக்கானிக் சொன்னது நிஜமாகியிருக்கும்!

இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த வாரம் அம்மாவின் சர்க்கரை அளவு தாறுமாறாக ஏறியது. ஊசி போடாமல் இருக்கிறாரோ என்று, "ஏம்மா, வேளாவேளைக்குப் போட்டுக்கறதுதானே?" என்று நான் வேறு எரிந்து விழுந்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இன்சுலினை எங்கே வைக்கிறீங்க?"

ஃப்ரீஸருக்குக் கீழே இருக்கிற தட்டில். ராத்திரி உறைவதும் கரன்ட் போனால் உருகுவதுமாக இருந்திருக்கிறது. "2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஒரு தடவை உறைஞ்சா, உருகினாலும் வேலை செய்யாது. தூக்கிப் போடணும்" என்றார். அம்மா தினமும் தவறாமல் குத்திக்கொண்டது, வீணாய்ப்போன மருந்தை.

தெர்மோஸ்டாட்டைக் கடைசி நம்பருக்குத் திருகியது யார்? தாம்பரத்திலிருந்து ரயிலில் கசங்கி வந்து, ஜில்லென்று தண்ணீர் வேண்டும் என்று கேட்ட அடியேன்தான்.

அன்று ராத்திரியே சி.ஐ.டி. வேலையில் இறங்கினோம். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தோம். மேலே இறுக்கமாகப் பிடித்தது. கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே கதவு ரப்பர் மடங்கிக் கிடந்தது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போக, அதிலிருக்கிற ஈரம்தான் ஃப்ரீஸரில் பனியாகப் படிந்திருக்கிறது. நம் செங்கல்பட்டுச் சீமைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்!

"கீழ் மூலை மட்டும் எப்படி மடங்கும்?" என்றேன்.

"ரெண்டு கையிலும் பாட்டிலை எடுத்துக்கிட்டு, தினமும் காலால எத்தி மூடறீங்களே... அந்த மூலைதான்!" என்றாள் மனைவி.

கேஸ் நிரபராதி. கால்தான் குற்றவாளி.

ரப்பரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து, சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி நிமிர்த்தினோம். தெர்மோஸ்டாட் நடுவுக்கு வந்தது. ரசம், சாம்பாருக்கெல்லாம் மூடி போட்டு, சூடு ஆறிய பிறகே உள்ளே அனுமதி. புது இன்சுலின், ஃப்ரீஸரை விட்டுத் தள்ளி, கதவுத் தட்டில்.

ஒரு மாதமாகிறது. அம்மாவின் சர்க்கரை இறங்கிவிட்டது. "ஸாரிம்மா" என்றேன். "போடா, முதல்ல கையால கதவை மூடு" என்றார்.

மலை நிஜமாகவே மறைந்துவிட்டது!