கட்டிலுக்கு அடியில்

2018இல் வந்த ‘ஃப்ளாரன்ஸ்’ விளையாட்டில் காதலர் பேச்சு துண்டுகளாக வரும்; நாம்தான் பொருத்த வேண்டும். நெருக்கம் கூடக்கூடத் துண்டுகள் குறையும். சண்டையில் அவை கூராகிவிடும். 2023இன் ‘வெண்பா’வில், கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய் தன் அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி அவிக்கிறாள். அழிந்த வரிகளை நாம் ஊகிக்க வேண்டும்.

என்னைத் தூங்கவிடாதது 2021இன் ‘அன்பேக்கிங்’. ஒரு பெண் வீடு மாறும்போதெல்லாம் அவள் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதுதான் ஆட்டம். 2010இல் அவள் காதலன் வீட்டுக்குப் போகிறாள். அவளது பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடமில்லை. வேறெங்கு வைத்தாலும் சிவப்புக் கோடு காட்டுகிறது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

என் முனைவர் பட்டம் பீரோவில், புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. அங்கே யாரும் சிவப்புக் கோடு போடவில்லை. நானே வைத்தேன்.