தண்ணீருக்கு ஒரு வாட்டம்

புரட்டாசி மூன்றாம் வாரம். காரைக்குடியிலிருந்து பஸ் பிடித்து அந்த ஊரில் இறங்கியபோது மணி ஏழுகூட ஆகவில்லை. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் நகரத்தார் வீடு. உள்ளே முற்றத்தில் சாரம் கட்டியிருந்தார்கள். சாரத்தின் மேல் நின்ற பெரியவர் நாட்டோடு ஒவ்வொன்றாக உருவி, விரலால் சுண்டிப் பார்த்துக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல ஓடு கணீரென்கும். விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும்.

"வாங்க தம்பி. செருப்ப விட்டுட்டு ஏறுங்க, காலுக்குக் கம்பு தட்டுப்படணும்" என்றார்.

இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் ஓட்டு வீட்டில் கூடுவாய்த் தகரத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. அப்பா தார் பூசினார். மறுவருஷம் மறுபடியும் தார். மூன்று மழைக்காலம் போவதற்குள் அந்த மூலையில் கைமரம் உளுத்துக் கரையான் ஏறிவிட்டது. ஒரு தகரத்தை மாற்றுவதைத் தள்ளிப்போட்டு ஒரு பக்கக் கூரையையே இழந்தோம்.

முற்றத்தைச் சுற்றி நான்கு கூரையும் உள்நோக்கிச் சரிகின்றன. இரண்டு சரிவு சேரும் மூலைதான் கூடுவாய். அங்கே ஓட்டுக்கு அடியில் தகடு போட்டிருப்பார்கள். கூரையின் விளிம்பில் நாலு பக்கமும் தகர வாய்க்கால் ஓடும். மழைத் தண்ணீர் முழுவதும் அதில் இறங்கி, மூலைக்கு ஒன்றாக உள்ள நான்கு வாய் வழியே முற்றத்தில் விழும். பெய்கிற மழை எவ்வளவு என்பதற்குப் பெரியவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது: இத்தனை அடிக் கூரைக்கு இத்தனை குடம். நான் லிட்டரில் போட்டுப் பார்த்தேன். நூறு சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 236 லிட்டர். இந்த முற்றத்தைப் பார்த்துச் சரியும் கூரை ஏறக்குறைய 1,200 சதுர அடி. ஐப்பசியில் ஓர் அங்குல மழை அரை மணியில் கொட்டிவிடும். 2,800 லிட்டருக்கு மேல் தண்ணீர் அந்த நாலு மூலைக்கு வந்தாக வேண்டும்.

பழைய தகரத்தை இறக்கினார்கள். அதில் நாலு விரல்கடை உயரத்துக்குக் கறுத்த மண். மக்கிய வேப்பிலை, புறா இறகு, ஓட்டுத்தூள். நடுவில் ஒரு வேப்பங்கன்று இரண்டு கிளை விட்டு நின்றது. பெரியவர் அதைப் பிடுங்கி மண்ணைத் தட்டிவிட்டு, தகரத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஊசி முனை அளவில் இருபது முப்பது இடத்தில் வெளிச்சம் வந்தது. குப்பை இல்லாமல் கிடந்த பகுதி சாம்பல் நிறத்தில் இன்னும் திடமாகவே இருந்தது.

"மழை தகரத்தைக் கெடுக்காது தம்பி. மழை விட்ட பெறகு குப்பைக்கு அடியில நிக்கிற ஈரம்தான் தின்னும். வருஷத்துக்கு ரெண்டு தரம், ஆடிக் காத்து அடங்கினதும் ஒருக்கா, மார்கழி கழிஞ்சு ஒருக்கா கையால அள்ளிப் போட்டா இது இன்னும் ஓடியிருக்கும்."

இன்னோர் இடத்தைக் காட்டினார். எப்போதோ கசிவை அடைக்கச் சிமெண்டைக் குழைத்து அப்பியிருக்கிறார்கள். அதன் ஓரமாகவே துரு கோடு போட்டுப் போயிருந்தது. ஈரச் சிமெண்டு துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். பூச்சு போனால் உள்ளே இருப்பது வெறும் இரும்பு.

புதுத் தகடு எட்டடி நீளம், மூன்றடி அகலம். நீளவாக்கில் நடுவே கத்தரித்தால் ஒன்றரை அடிப் பட்டை இரண்டு. பதினெட்டு அங்குலத்தை அவர் பிரிக்கிற விதத்தில்தான் அனுபவம் தெரிகிறது. அடிப்பாகத்துக்கு ஆறு அங்குலம், மரத்தை ஒட்டிய பின்சுவருக்கு ஆறு, முற்றத்தைப் பார்த்த முன்சுவருக்கு ஐந்து, விளிம்பை மடிக்க ஒன்று. ஏன் முன்சுவர் ஓர் அங்குலம் தாழ்வு என்று கேட்டேன்.

"என்னைக்காவது வாய் அடைச்சுக்கும்ல. அப்ப ரொம்புற தண்ணி முத்தத்துல விழட்டும். பின்பக்கம் சாஞ்சா கைமரத்துக்குள்ள போயிரும்."

அடைத்துக்கொள்ளும் நாளையும் கணக்கில் வைத்து அவர் தகடு வெட்டுகிறார். மேலே இருப்பது பர்மாத் தேக்கு. கப்பலில் வந்து தலைமுறைகளாகக் காய்ந்து கிடக்கும் மரம். அதற்கு ஒரு துண்டு மாற்று வாங்குவது எளிதல்ல.

கொட்டாப்புளியால் தட்டித் தட்டி மடித்தது அவருடைய அக்கா மகன். நாள்முழுக்க ஷெட் போடும் வேலைக்குப் போகிற பையன், லீவு நாளில் மாமாவோடு வருகிறான். இணைப்புகளில் மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் நாலு அங்குலம் ஏறி உட்காரும். இடையில் சிலிகான், பக்கச் சுவரில் ரிவெட். அடிப்பாகத்தில் ஆணி ஒன்றுகூட இறங்கக் கூடாது. முன்பெல்லாம் செம்பு முனைக் கம்பியைக் கரியடுப்பில் காய்ச்சி, நவச்சாரத்தில் தேய்த்து ஈயப்பற்று வைப்பாராம். "இந்த வீட்டு ஆச்சி இந்தத் தண்ணியப் பிடிச்சுத்தான் பருப்பு வேக வைக்கிறாக. அதுல ஈயம் வேணாம்னு விட்டுட்டேன்" என்றார்.

பிற்பகலில் தொங்கவிடும் வேலை. இரண்டரை அடிக்கு ஒரு கொக்கி. வாட்டம் என்ற சொல்லை அன்றைக்கு நூறு தரமாவது கேட்டிருப்பேன். பத்தடிக்கு அரை அங்குலம் தாழ்வு, அவ்வளவுதான். குறைந்தால் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு அந்தத் தேக்கம் போதும். கூடினால் கடைசி முனை ஓட்டு விளிம்பை விட்டு வெகுவாக இறங்கி, வேகமாக வருகிற தண்ணீர் வாய்க்காலைத் தாண்டிக் குதிக்கும். ஓடு தகரத்துக்குள் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கும் உள்ளே ஒதுங்கினால் தண்ணீர் ஓட்டின் அடியோடு ஒட்டித் திரும்பி மரத்தை நனைக்கும்.

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, மொட்டை மாடிக் குழாயைக் குழிக்குள் விடக் கற்றுக்கொண்டோம். செட்டிநாட்டு வீடுகள் அதற்கு வெகுகாலம் முன்பே முற்றத்து மூலையில் அண்டா வைத்துப் பிடித்தன. மிஞ்சியதை ஊருணிக்கு அனுப்பின. அந்த ஏற்பாடு முழுவதும் இந்த ஆறு அங்குலத் தகரத்தை நம்பி நிற்கிறது. அதை மடிக்கிற கைகளோ வட்டாரத்தில் விரல் விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. பிவிசி வாய்க்கால் கெட்டதில்லை, துருப்பிடிக்காது. பெரியவரே பல வீட்டில் மாட்டியிருக்கிறார். ஆனால் பழைய வீட்டில் எந்த மூலையும் இன்னொரு மூலையைப் போல இருப்பதில்லை. கடையில் வாங்கும் துண்டு அங்கே பொருந்தாது. அளந்து வெட்டத்தான் ஆள் வேண்டும்.

பொழுது சாய்கையில் ஆச்சி ஒரு குடம் தண்ணீர் கொடுத்தனுப்பினார். பெரியவர் மேட்டு முனையில் மெல்ல ஊற்றி, ஒரு வேப்பிலையைக் கிள்ளி அதில் போட்டார். இலை போயிற்று. மூன்றாவது கொக்கியருகே தயங்கி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எனக்கு அங்கே பள்ளம் எதுவும் தெரியவில்லை. ரசமட்டத்தை எடுக்கப்போன பையனை மாமா தடுத்தார்.

"கண்ணால பாருடா. எங்க தொய்யுது?"

பையன் குனிந்து, கன்னத்தைத் தகரத்தின் விளிம்போடு வைத்து நெடுகப் பார்த்தான். "மூணுல இல்ல மாமா. நாலாவது கொக்கி தூக்கி நிக்குது."

பெரியவர் பதில் சொல்லவில்லை. சுத்தியலை அவன் கையில் கொடுத்தார். இரண்டு தட்டு. மறுபடி தண்ணீர், மறுபடி ஓர் இலை. இந்த முறை அது எங்கும் நிற்காமல் ஓடி, மூலை வாய் வழியே ஆச்சி வைத்திருந்த அண்டாவில் போய் விழுந்தது.