முதலில் ஷட்டரைத் தூக்குகிறவன்

ஒரு கடையில் திருட்டு நடந்துவிட்டால் போலீஸ் வரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. போலீஸ் வந்த பிறகு என்ன நடக்கும் என்பது மட்டும் நம் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இடையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் படித்த ஒரு தம்பி, பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டு, பக்கத்து ஊர்க் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தினமும் எட்டரைக்கே போய்விடுவான். மேனேஜர் பூட்டைத் திறந்து கொடுத்ததும் ஷட்டரைத் தூக்குவது, கூட்டுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் அவன் வேலை. சாமி படத்துக்குப் பூ வைப்பது மட்டும் முதலாளி வந்துதான்.

அன்று அவன் போனபோது பூட்டு அறுபட்டுக் கீழே கிடந்தது. ஷட்டர் ஒரு முழம் தூக்கியிருந்தது. உடனே முதலாளிக்குப் போன் செய்தான். "உள்ள போய்ப் பாருடா" என்றார் அவர். போய்ப் பார்த்தான். அங்கிருந்துதான் அவனுடைய கஷ்டம் தொடங்கியது.

ஒன்பது மணிக்கு அதே கடையில் வேலை செய்யும் நம் தெருப் பெண் ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, கல்லாவ உடைச்சு எடுத்துட்டுப் போயிருக்காங்க. எங்க மூணு பேர மட்டும் தனியா நிக்க வச்சிருக்காங்க." போனைத் தம்பியிடம் கொடுக்கச் சொன்னேன். அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "டேய், உனக்கு இதுல எதுவும் சம்பந்தம் இல்லல்ல?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வாங்கக்கா" என்று மட்டும் சொன்னான்.

வண்டியில் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னைக் குத்திக்கொண்டே வந்தது. கல்லூரி விடுதியில் ஒரு மாணவியின் சங்கிலி காணாமல் போனபோது வார்டன் முதலில் திறக்கச் சொன்னது என் பெட்டியைத்தான். அன்று அவர் என்னிடம் கேட்டதை, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், நான் இவனிடம் கேட்டிருக்கிறேன். சமூகவியலில் முதுகலை படித்தவள் நான். 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதியிருக்கிறேன். பிறப்பைப் பார்த்துத் திருடன் என்று முடிவு கட்டும் புத்தி அந்தச் சட்டத்தோடு போய்விடவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். அது எனக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் எழுதியதில்லை.

நான் போனபோது கடைக்குள் பதினைந்து பேராவது இருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர், டீ கொண்டுவந்த பையன் என்று ஆளாளுக்குக் கல்லாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபட்ட பூட்டு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. முதலாளியின் மச்சினர் தம்பியின் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீசுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. "மொதல்ல நம்மாளுங்கள விசாரிச்சிருவோம்" என்பது அவர்கள் கணக்கு. ஆனால் "நம்மாளு" என்று நிறுத்தியிருந்த மூன்று பேரும் காலனி ஆட்கள். சாவி வைத்திருந்த மேனேஜரிடம் ஒரு கேள்வியும் இல்லை. அவர் முதலாளிக்குச் சொந்தம்.

அப்போது முதலாளி தம்பியிடம் சொன்னார்: "அந்தக் கண்ணாடியக் கூட்டி அள்ளுடா, வாடிக்கையாளருங்க வர்ற நேரம்." அவன் துடைப்பத்தை எடுத்துவிட்டான்.

"கூட்டாத, கீழ வை" என்று நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். உடைந்த ஷோகேஸ் கண்ணாடியில் திருடனின் கைரேகை இருக்கலாம், ரத்தம் இருக்கலாம். அதைக் கூட்டி அள்ளினால் தடயம் போகும். நாளைக்கு, "தடயத்தை அழித்தது யார்?" என்று கேட்டால், துடைப்பம் பிடித்த கைதான் பதில் சொல்ல வேண்டும். கூட்டச் சொன்ன வாய் பதில் சொல்லாது.

முதலாளிக்கு என்னைப் பிடிக்கவில்லை. "நீங்க யாரும்மா?" என்றார். நியாயம், உரிமை என்று பேச அது நேரமில்லை. "சார், கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கா? எஃப்.ஐ.ஆர். இல்லாம கிளெய்ம் கெடைக்காது. எல்லாத்தையும் கலைச்சுட்டா போலீஸ் வந்து எதப் பாக்கும்?" என்றேன். அந்தப் பேச்சுதான் வேலை செய்தது. அவரும் பயந்துதான் இருந்தார். கடன் வாங்கிச் சரக்குப் போட்டவர். ஆனால் அவருடைய பயத்தை இறக்கிவைக்க ஒரு தலை கிடைத்தது. அந்தத் தலை எப்போதும் நம்முடையதாகவே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஒன்பது இருபத்தைந்துக்கு 100-க்கு அழைத்தோம். 112-ம் அதே உதவிக்குத்தான். அழைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டோம். எல்லோரையும் வெளியே அனுப்பி, வாசலில் ஒருவரை நிறுத்தினோம். பூட்டைத் தரையில் வைக்கச் சொல்லி, அதை யார் யார் தொட்டார்கள் என்று எழுதினோம். மச்சினர் சிசிடிவி பெட்டியின் வயரைப் பிடுங்கி வீட்டுக்கு எடுத்துப்போகப் பார்த்தார். அப்படியே விடச் சொன்னேன். அதில் ஓடிய கடிகாரம் சரியான நேரத்தைவிடப் பதினேழு நிமிடம் பின்தங்கியிருந்தது. அதையும் எழுதினோம். பிறகு கடை ஊழியர் எல்லோரும், மேனேஜர் உட்பட, எப்போது வந்தேன், என்ன பார்த்தேன், எதைத் தொட்டேன் என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி எழுதியதில் ஒரு வரி: "தினமும் நான்தான் ஷட்டரைத் தூக்குவேன், அதனால் என் கைரேகை அதில் இருக்கும்." இதை அவன் போலீஸ் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான் என்பது முக்கியம்.

கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்துப் போயிருந்தால் வேறு கதை. அப்போது துரத்தக் கூடாது. அடிபட்டவருக்கு 108-ஐ அழைப்பதுதான் முதல் வேலை.

எஸ்.ஐ. பத்து மணிக்குப் பிறகு வந்தார். "யாரு மொதல்ல பாத்தது?" தம்பி முன்னால் வந்தான். "எந்த ஊரு?" சொன்னான். "ஊர்ல எந்தத் தெரு?" திருட்டுக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நம் ஊர்களில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இவனுங்க மூணு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய்க் கேட்டா தெரிஞ்சிரும்" என்றார் மச்சினர். நான் எஸ்.ஐ.யிடம் தாள்களைக் கொடுத்தேன். சாட்சியாகக் கூப்பிடுவதென்றால் பி.என்.எஸ்.எஸ். 179-ன்படி எழுத்து மூலம் அழைப்பு கொடுங்கள், பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாள்களைப் புரட்டினார். பிறகு, "சிசிடிவியப் போடுங்க" என்றார். இரவு மூன்று மணி வாக்கில் முகத்தைத் துணியால் மூடிய இரண்டு பேர் ஷட்டருக்கு அடியில் நுழைவது தெரிந்தது. மூன்று பேரின் வாக்குமூலமும் கடையிலேயே பதிவானது.

அந்தத் தாள்கள் இல்லாமல், கண்ணாடியும் கூட்டப்பட்டு, சிசிடிவியும் வீட்டுக்குப் போயிருந்தால்? 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு ராஜாக்கண்ணு நகைத் திருட்டு விசாரணைக்காகத்தான் கொண்டுபோகப்பட்டார். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரும் ஒரு நகைப் புகாரின் பேரில்தான் விசாரிக்கப்பட்டார். இரண்டு பேரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்கிறது சட்டம். அதை வாங்க அடிக்கும் அடி உடம்பில் செல்லுபடியாகிவிடுகிறது.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பொய்த் தகவல் கொடுப்பதும், பலர் பார்க்க இழிவுபடுத்துவதும் குற்றம். புகார் கொடுக்கலாம் என்று தம்பியின் அம்மாவிடம் சொன்னேன். "அந்தக் கடைத்தெருவுலதாம்மா நாங்க நாளைக்கும் அரிசி வாங்கணும்" என்றார். அதற்கு மேல் என்னால் வற்புறுத்த முடியவில்லை.

முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வரச் சொன்னார். தம்பி ஒரு மாதம் போனான், பிறகு நின்றுவிட்டான். இப்போது ஒரு மெக்கானிக் கடையில் இருக்கிறான். "இங்க மொதலாளிதாங்க்கா ஷட்டரத் தூக்குறாரு" என்று சிரித்தான்.

அன்று போனில் கேட்டதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்றான். மறந்துவிட்டதாகச் சொல்லவில்லை.

கடைகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, உங்கள் கடையில் இப்படி நடந்தால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். நேரத்தை எழுதுங்கள், பார்த்ததை எழுதுங்கள், 100-க்கு நீங்களே அழையுங்கள். அவர்களுக்கு அக்காவாக, அண்ணனாக இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்று: போன் வந்தால் முதல் கேள்வியாக, "உன்ன யாராச்சும் அடிச்சாங்களா?" என்று கேளுங்கள். நான் கேட்டதைக் கேட்காதீர்கள்.