சரளைப் பாதையில் டான்யூப்

பள்ளிக்கூட வாத்தியார்களுக்குத் தெரிந்த ஸைக்கிள் இரண்டே வகைதான். ஒன்று, காற்று இறங்கிவிட்ட ஸைக்கிள்; மற்றொன்று, காற்று இறங்கப் போகிற ஸைக்கிள். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று உலகத்தில் உலவுகிறது என்று நேயர்களுக்குத் தெரிவிப்பதற்காகவே இதை எழுதப் புகுந்தோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அந்த ஸைக்கிளில் ஏறி, ஆஸ்திரியா தேசத்தில் டான்யூப் நதிக் கரையோடு ஒரு நாள் பிரயாணம் செய்தபோது கண்ட சில சுவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதுதான் நம்முடைய உத்தேசம். ஆனால் வாகனத்தை வர்ணிக்காமல் யாத்திரையை வர்ணிப்பது சம்பிரதாயம் அல்லவே!

இதற்குக் 'கிராவல் ஸைக்கிள்' என்று பெயர். கிராவல் என்றால் சரளைக் கல். பந்தய ஸைக்கிளைப் போலவே இதன் கைப்பிடியும் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் பந்தய ஸைக்கிளின் டயர் 25 அல்லது 28 மில்லிமீட்டர் அகலம் என்றால், இதன் டயர் 40 மில்லிமீட்டர். காற்றையும் குறைவாகவே அடைக்கிறார்கள். ஆகையால் கல்லின் மேல் ஏறும்போது டயர் சற்று அமுங்கிக் கொடுத்து, கல்லையும் சமாதானம் செய்து, ஏறியிருப்பவருடைய முதுகெலும்பையும் காப்பாற்றுகிறது. அமெரிக்காவில் கான்ஸஸ் மாகாணத்துச் சரளை ரோடுகளில் 2006-ல் தொடங்கிய ஒரு பந்தயத்தில் 200 மைல் ஓட்டுகிறார்களாம். 2022-ல் இத்தாலியில் இதற்கென்று முதல் உலகப் போட்டியும் நடந்தது. பந்தயம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம். தார் ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுப் பாதையிலும் தோட்டப் பாதையிலும் போகலாம், நினைத்த இடத்தில் நிற்கலாம் என்பதுதான் நமக்கு இதில் பிடித்த அம்சம்.

நம்மிடம் சரித்திரம் படித்த பையன் ஒருவன் இப்போது வியன்னாவில் என்ஜினீயராக இருக்கிறான். காலாண்டு விடுமுறைக்கு வந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வரவழைத்தான். வந்த மறுநாளே, "ஸார், மெல்க் என்ற ஊரிலிருந்து கிரெம்ஸ் வரையில் ஆற்றோரமாக 36 கிலோமீட்டர்தான். மேடே கிடையாது" என்றான். இந்தக் கடைசி வாக்கியத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெல்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவில் டான்யூப் நதி மலைகளைக் கிழித்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்குக்கு வாஹாவ் என்று பெயர். இரு கரையிலும் மலை; மலைச் சரிவில் திராட்சை; உச்சியில் இடிந்த கோட்டை. மெல்க்கில் பாறையின் மேல் மஞ்சள் நிறத்தில் மாபெரும் மடாலயம் ஒன்று இருக்கிறது. 1702-ல் கட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்து வியந்தவர்கள் ஏராளம். நம்முடைய வியப்பினால் அதற்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. தென் கரையில் ஸைக்கிளைத் திருப்பினோம்.

சிறிது தூரம் போனதும் பாதையைப் பற்றிப் பையன் ஒரு விஷயம் சொன்னான். நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னால் டான்யூபில் கீழ்நோக்கிப் போகும் படகை நதியே கொண்டுபோய்விடும். மேல்நோக்கி வரும் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். குதிரைகளை வரிசையாகப் பூட்டி, அவற்றின் மேல் ஆட்களை ஏற்றி, வெள்ளத்துக்கு எதிராக இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் குதிரைகள் நடப்பதற்காகக் கரையோரத்தில் போட்ட பாதைதான் பிற்காலத்தில் பல இடங்களில் ஸைக்கிள் பாதையாயிற்று. 1829-ல் வியன்னாவில் நீராவிக் கப்பல் கம்பெனி ஒன்று ஏற்பட்டது. நாளடைவில் குதிரைகளுக்கு ஓய்வு கிடைத்தது. இப்போது அவை நடந்த வழியில் நாம் மூச்சு வாங்கிக்கொண்டு போகிறோம்.

இந்தக் குதிரைப் பாதைக்கும் மலை உச்சியிலுள்ள அக்ஷ்டைன் கோட்டைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கோட்டை நதிக்கு மேலே 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. "அதைப் பார்க்காமல் போகலாமா, ஸார்?" என்றான் பையன். "மேடே கிடையாது என்றாயே, அப்பா?" என்றோம். "ஆற்றோரமாக என்றேனே!" என்றான். காட்டுப் பாதையில் பாதி தூரம் ஓட்டியும் பாதி தூரம் தள்ளியும் ஏறினோம். தள்ளிய பாதிதான் பெரிய பாதி.

1429-ல் ஆஸ்திரியாவின் பிரபு, இடிந்து கிடந்த இந்தக் கோட்டையை யோர்க் ஷெக் என்ற சீமானுக்குக் கொடுத்தார். சில வருஷங்கள் கழித்து, மேல்நோக்கி வரும் படகுகளிடம் சுங்கம் வசூலிக்கும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பதிலாகக் கரையிலுள்ள குதிரைப் பாதையை அவர் செப்பனிட்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சுங்கம் வாங்குகிறவரிடம் கோட்டையும் சிப்பாய்களும் இருந்து, சுங்கம் கொடுக்கிறவரிடம் படகு மட்டும் இருந்தால் ஏற்பாடு எத்தனை நாள் நிற்கும்? சுங்கம் சூறையாக மாறியது. கோட்டைச் சுவருக்கு வெளியே பாறையில் ஒரு குறுகிய விளிம்பு இருக்கிறது. 'ரோஜாத் தோட்டம்' என்று அதற்குப் பெயர். கைதிகளை அதில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவாராம். பசியால் சாகலாம், அல்லது குதித்துச் சாகலாம் என்பது கதை. கதை எவ்வளவு மெய்யோ, அந்த இடத்தில் நின்று கீழே பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

இறங்குவது ஏறுவதைவிடச் சுலபம் என்று சொல்கிறவர்கள் சரளையில் இறங்கியதில்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, குலதெய்வத்தையும் வேண்டிக்கொண்டு, ஆர்ன்ஸ்டார்ஃப் கிராமத்துப் படகுத் துறைக்கு வந்து சேர்ந்தோம்.

இங்கே கண்ட படகைப் பற்றி எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாம். நதிக்குக் குறுக்கே உயரத்தில் ஓர் இரும்பு வடம் கட்டியிருக்கிறது. அதில் உருளும் கப்பியிலிருந்து வரும் கயிற்றில் படகைப் பிணைத்திருக்கிறார்கள். என்ஜின் கிடையாது, துடுப்பு கிடையாது. படகுக்காரர் படகை வெள்ளத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்புகிறார், அவ்வளவுதான். கீழே இழுத்துப் போகப் பார்க்கும் நதியை வடம் தடுக்க, போகிற வேகம் பக்கவாட்டில் திரும்பிப் படகை எதிர்க்கரைக்குத் தள்ளுகிறது. மோட்டார் கார்கள்கூட இதில் ஏறிக் கொள்கின்றன. சத்தமில்லாமல் நதியைத் தாண்டும் சுகத்தைத் தாண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் இந்தப் படகு போக வேண்டுமானால் நதி ஓட வேண்டும். 1970-களில் இந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டார்கள். டான்யூபில் ஆஸ்திரியர் வேறு பல இடங்களில் அணை கட்டியிருக்கிறார்கள்; ஆகையால் இது புதிதான யோசனையல்ல. கட்டியிருந்தால் ஓடும் நதி நிற்கும் ஏரியாகியிருக்கும். 1972-ல் வாஹாவைக் காப்பாற்ற உள்ளூர் ஜனங்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். சளைக்காமல் வருஷக்கணக்கில் எதிர்த்தார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. 2000-ல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஆஸ்திரியாவில் டான்யூப் தடையின்றி ஓடும் இடங்கள் இரண்டுதான். ஒன்று இது, மற்றொன்று வியன்னாவுக்குக் கிழக்கே.

எதிர்க்கரையிலுள்ள ஊர் ஷ்பிட்ஸ். அங்கே திராட்சை பயிரிட்ட குன்று ஒன்றுக்கு 'ஆயிரம் வாளி மலை' என்று பெயர். நல்ல வருஷத்தில் ஆயிரம் வாளி ஒயின் தருமாம். அந்தக் காலத்து வாளி 56 லிட்டர். ஒயினிலே மூன்று தரம். மெல்லியதற்கு அங்கே வளரும் ஒரு புல்லின் பெயர். எல்லாவற்றிலும் வீரியமானதற்கு 'ஸ்மாரக்ட்' என்று பெயர். ஸ்மாரக்ட் என்றால் மரகதம். ஆனால் பெயர் வந்தது ரத்தினத்திலிருந்து நேராக அல்ல. தோட்டத்துச் சுவர்களில் வெயில் காயும் மரகதப் பச்சைப் பல்லி ஒன்றிலிருந்து! நாம் அந்தப் பல்லியைப் பார்த்ததோடு சரி. கடைக்காரர் கிளாஸை நீட்டியபோது வேண்டாமென்று கையசைத்து, ஆப்ரிகாட் பழரசம் வாங்கிக் குடித்தோம். அதுவும் அந்தப் பள்ளத்தாக்கில் பெயர்போனது. அவர் நம்மைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

ஷ்பிட்ஸைத் தாண்டித் தோட்டங்களுக்குள் புகுந்ததும், கல்லடுக்குச் சுவர்கள் ஆரம்பமாகின்றன. மலைச் சரிவு முழுவதையும் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு சுவர். சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை, கல்லின் மேல் கல். வைஸன்கிர்ஹன் என்ற ஊரை அடுத்து, சரிந்த சுவர் ஒன்றைப் பெரியவர் ஒருவர் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நாம் இறங்கி நின்றதும் அவரும் வேலையை நிறுத்தினார். பையன் மொழிபெயர்த்தான்.

சாந்து பூசினால் என்ன என்று கேட்டோம். பெரியவர் சிரித்துவிட்டார். சாந்து பூசினால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் நின்றுவிடும். நின்ற தண்ணீர் ஒருநாள் சுவரைத் தள்ளிவிடும். சாந்தில்லாத சுவரில் தண்ணீர் தானாகக் கசிந்து போய்விடும். முன்புறம் பெரிய கல். பின்புறம் சில்லுக் கல். சுவர் மலைப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். பகல் முழுவதும் வாங்கிய வெயிலைக் கல் ராத்திரியில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒரு கல்லைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைத்தார், எடுத்தார், வேறு பக்கம் திருப்பி வைத்தார். உட்கார்ந்தது. எத்தனை நாள் வேலை என்று கேட்டோம். "இந்தச் சுவரா, எல்லாச் சுவருமா?" என்று கேட்டார். ஒன்றைக் கட்டி முடிப்பதற்குள் வேறொன்று உப்பிக்கொண்டிருக்குமாம். அவருடைய தகப்பனாரும் கட்டினார், பாட்டனாரும் கட்டினார்.

தார் ரோட்டில் போயிருந்தால் இந்தச் சுவர்களெல்லாம் தூரத்தில் கோடு போட்டது போல்தான் தெரிந்திருக்கும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டூர்ன்ஷ்டைன். ஊருக்கு மேலே பாறையோடு பாறையாக நிற்கும் கோட்டையில்தான் இங்கிலாந்து அரசன் ரிச்சர்டு சிறையிருந்தான். சிலுவைப் போர் பாடம் நடத்தும் எந்த வாத்தியாரும் சிங்க நெஞ்சன் ரிச்சர்டை விட்டுவிட முடியாது. போரிலிருந்து திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் வியன்னாவுக்கருகே பிடிபட்டான். பிடித்தவர் போர்க்களத்தில் அவனால் அவமானப்பட்ட ஆஸ்திரியப் பிரபு லியோபோல்டு. அவனுடைய பாணன் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டு போய் அவனைக் கண்டுபிடித்தான் என்று ஓர் அழகான கதை இருக்கிறது. பிற்காலத்தில் கட்டியது. பையன்களுக்கு அது மட்டும் மறக்காது.

ஸைக்கிள்களைக் கீழே பூட்டிவிட்டு நடந்து ஏறினோம். 1645-ல் ஸ்வீடன் படை தகர்த்துப் போட்ட சுவர்கள்தான் மிச்சம். அங்கே உட்கார்ந்துகொண்டு பையன் ஒரு கணக்குக் கேட்டான்: "ஸார், அவனை விடுவிக்க எவ்வளவு கொடுத்தார்கள்?"

பேசியது 1,50,000 மார்க் வெள்ளி. அதில் 1,00,000 மார்க் கைக்கு வந்த பிறகே 1194 பிப்ரவரியில் விட்டார்கள். மீதிக்குப் பிணையாள்களை வாங்கிக்கொண்டார்கள். 1,00,000 மார்க் என்பது 23,000 கிலோ வெள்ளிக்கு மேல். இங்கிலாந்தில் ஒவ்வொருவரும் வருமானத்திலும் அசையும் சொத்திலும் நாலில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மாதா கோயில்களின் வெள்ளிப் பாத்திரங்கள் போயின. சிஸ்டெர்ஸியன் மடத்துச் சாமியார்களிடம் வெள்ளி இல்லை. ஆட்டு மந்தைதான் இருந்தது. ஒரு வருஷத்து ரோமம் முழுவதையும் வாங்கிக்கொண்டார்கள்.

"அத்தனை பேரும் அரசனைப் பார்த்திருப்பார்களா, ஸார்?" என்றான்.

எங்கே பார்க்கிறது! பட்டம் சூட்டிக்கொண்டு பத்து வருஷம் அரசனாயிருந்தவன், இங்கிலாந்தில் இருந்தது எல்லாம் சேர்த்து ஆறு மாதம்தான். இதைப் பாடப் புத்தகம் சொல்லும். நாலில் ஒரு பங்கு கொடுத்த இடையனுடைய பெயரை எந்தப் புத்தகம் சொல்லும்? கீழே பார்த்தோம். படிப்படியாகச் சுவர்கள் நதி வரையில் இறங்கின. அவற்றைக் கட்டினவர்களின் பெயரும் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் கோட்டை இடிந்து கிடக்கிறது; அந்தச் சுவர்கள் நிற்கின்றன.

"லியோபோல்டு தன் பங்கை என்ன செய்தார்?" என்று அடுத்த கேள்வி.

ஊர்களுக்கு மதில் கட்டினார். வியன்னாவுக்குத் தெற்கே வீனர் நோய்ஷ்டட் என்ற புதிய ஊரையே அந்தப் பணத்தில்தான் ஏற்படுத்தினார். அனுபவிக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. 1194 டிசம்பர் கடைசி நாள், குதிரை விழுந்து கால் நசுங்கிய காயத்தால் இறந்தார்.

"அந்த மதிலில் கொஞ்சம் இன்னும் இருக்கிறது, ஸார். நாளைக்குப் போவோமா? மேடே கிடையாது."

ரயிலில் என்றால் வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கைத்தடி மாதிரி பையனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினோம். கிரெம்ஸுக்கு இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர் பாக்கியிருந்தது.