மறுபடியும் கழன்ற திரை

செவ்வாய் இரவு

அண்ணனுக்கு மறுபடியும் மேலிருந்து கறுப்பு இறங்குகிறதாம். பார்வையின் மேல்பக்கம் இருண்டால் விழித்திரை கீழ்ப்பக்கம் கழன்றிருக்கிறது என்று போன தடவையே தெரிந்துகொண்டோம். அப்போது ஆபரேஷனில் கண்ணுக்குள் வைத்த வாயு மிதந்து மேற்பகுதியைத்தான் நன்றாகத் தாங்கியது. அது கரைந்ததும் கீழே உரிந்துவிட்டது.

புதன்

அண்ணி நேராகவே கேட்டார்: "முதல் ஆபரேஷனைச் சரியாப் பண்ணலையா, டாக்டர்?" டாக்டரம்மா கோபிக்கவில்லை. விழித்திரையில் விழுந்த கிழிசல் வழியே வெளியேறிய செல்கள் திரைமேல் படிந்து, தழும்புச் சவ்வாகிச் சுருங்கி இழுக்கின்றன. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி ஆகிறது என்றார். பி.வி.ஆர். என்பார்களாம். கைகாலில் காயத்தை ஆற்றும் அதே குணம் கண்ணுக்குள் கெடுதல் செய்கிறது. யாரைத் திட்டுவது?

கிழிசலை அடைத்தால் திரை ஒட்டும் என்று லோசான் நகரில் ஜூல்ஸ் கோனின் காட்டி நூறு வருஷமாகிறது. அண்ணனுக்கு அடைத்தால் மட்டும் போதாது, இழுப்பையும் எடுக்க வேண்டும். 1970இல் மயாமியில் ராபர்ட் மேக்கமர் தொடங்கிய விட்ரெக்டமிதான், அதாவது கண்ணுக்குள்ளிருக்கும் கூழை வெட்டி எடுப்பதுதான், அதற்கு வழி.

வெள்ளி

சவ்வை நுண்ணிய இடுக்கியால் உரித்தார்கள். தண்ணீரைவிடக் கனமான ஒரு திரவத்தைச் செலுத்தித் திரையை அமுக்கினார்கள். சுருங்கிப்போன கீழ் ஓரம் அப்போதும் படியாததால், அந்த இடத்தில் விழித்திரையையே வெட்டிவிட்டார்களாம். கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. நடுப்பகுதியைக் காப்பாற்ற ஓரத்தை விட்டுக்கொடுப்பதுதான் கணக்கு. வெட்டிய விளிம்பில் லேசர்; கடைசியாக சிலிக்கோன் எண்ணெய்.

மறுபடி வாயுவே வைத்திருக்கலாம். ஆனால் மகள் பிரசவத்துக்கு அண்ணன் விமானம் ஏற வேண்டும்; உயரத்தில் குமிழி விரிந்து கண் அழுத்தம் எகிறும். எண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

ஞாயிறு

குப்புறக் கிடந்து அண்ணனுக்கு எரிச்சல்; காபிகூட ஸ்ட்ராவில்தான். "நல்லா ஒட்டியிருக்கு" என்கிறார் டாக்டரம்மா. "விரல்தான் தெரியுது" என்கிறார் அண்ணன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மையம்வரை கழன்றிருந்தது; பேப்பர் படிக்கும் அளவுக்குப் பார்வை வருமென்று யாரும் வாக்குத் தரவில்லை. சில மாதத்தில் எண்ணெயை எடுக்க வேண்டும். எடுத்தபின் திரை மீண்டும் கழலலாம்; எடுக்காமல் விட்டால் கண் அழுத்தம் கூடும், கருவிழி கெடும்.

வலது கண்ணிலும் ஓரம் மெலிந்திருப்பதால் அங்கே லேசர் வேலி போட்டாயிற்று. எனக்கும் கண்ணாடி பவர் மைனஸ் எட்டு; திரை கழலும் ஆபத்து உண்டு. கண்பாவையை விரியவைத்துப் பார்க்க டாக்டரம்மா நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார். சொட்டு மருந்து விட்டால் மங்கும். ஸ்கூட்டர் வேண்டாம், பஸ்ஸில் போகிறேன்.