பதினேழு போட்டா மறைஞ்சிருவியா?

மே மாசம் லீவுக்கு மல்லாங்கிணறு போயிருந்தேன். அக்கா பசங்க ரெண்டு பேரும் அங்கதான் இருந்தாங்க. பெரியவன் ஒம்பதாவது முடிச்சிருக்கான், சின்னவன் ஆறாவது. "இந்த வெயில்ல எவனையும் வெளிய விடமாட்டேன்"னு அக்கா கறாரா சொல்லிட்டா. சரின்னு பையில இருந்த பகடைகளை எடுத்தேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி: ஒருத்தர் கதை சொல்லணும், மத்தவங்க கதைக்குள்ள ஆளுக்கொரு பாத்திரமா இருந்து என்ன செய்யறோம்னு சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வர்ற இடத்துல இருபது பக்கம் உள்ள பகடையை உருட்டணும். அம்புட்டுத்தான். கதை சொல்ற வேலை என்னுது.

கோட்டை, டிராகன் எல்லாம் நம்ம கரிசக்காட்டுக்கு ஒட்டாது. அதனால கதையை மாத்திட்டேன். ஊர் மாட்டைக் களவாண்டு ஒரு தோட்டத்துல கட்டி வச்சிருக்கானுங்க. நல்ல நிலா வெளிச்சம். வாசல்ல வேல்கம்போட ஒரு காவக்காரன். பசங்க போய் மாட்டை மீட்டுட்டு வரணும்.

பெரியவன் கிணத்துச் சுவருக்குப் பின்னாடி பதுங்கினான். உருட்டினான். எல்லாம் கூட்டி பதினேழு. 2024-ல வந்த புது விதிப் புத்தகப்படி, மறைவான இடத்துல, எதிரி பார்வைக்கு வெளிய இருந்துகிட்டு 15-க்குக் குறையாம போட்டா 'இன்விசிபிள்'னு ஒரு நிலை கிடைக்கும். சரிடான்னேன். அடுத்த வாய்ப்புல சுவத்தை விட்டு வெளிய வந்து, வெட்டவெளியில, நேரா காவக்காரனைப் பாத்து நடக்கிறேங்கறான்!

"அவன் பாத்துட்டான்"னேன்.

"எப்படி மாமா பாப்பான்? நான் இன்விசிபிள்."

புத்தகத்தை எடுத்துப் படிச்சே காட்டிட்டான். அந்த நிலை போகறதுக்கு நாலே வழி: கிசுகிசுப்புக்கு மேல சத்தம் போட்டா, எதிரி கண்டுபிடிச்சா, தாக்கறதுக்குப் பகடை உருட்டினா, வாயால மந்திரம் சொன்னா. வெளிச்சத்துல நடந்தா போயிரும்னு ஒரு வார்த்தை இல்ல. 'எதிரி கண்டுபிடிச்சா'ங்கறதுலயே இதுவும் அடக்கம்னு நான். "அவன் தேடவே இல்லையே, பகடையும் உருட்டலையே"ன்னு அவன். எழுத்துப்படி பாத்தா பய சொல்றதுல நியாயம் இருக்கு. அதான் எனக்கு இன்னும் கோவம் வந்துச்சு. "கதை சொல்றவன் நான், சொன்னா சொன்னதுதான்"னு குரலை உசத்திட்டேன்.

"அழுகுணி ஆட்டம் ஆடுறீங்க மாமா." பகடையைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

சுருக்குன்னு இருந்துச்சு. இதே தெருவுல இதே வயசுல நாங்க விளையாடினது ஐஸ்பாய். ('ஐ ஸ்பை'தான் நம்ம வாய்ல ஐஸ்பாய் ஆயிருச்சு.) அதுக்கு விதிப் புத்தகம் கிடையாது, ஆனா விதி உண்டு. சாட் பூட் திரி போட்டு ஒருத்தனை ஒதுக்குவோம். அவன் தூணைப் பாத்துக் கண்ணை மூடிக்கிட்டு அம்பது எண்ணணும். யாரும் வீட்டுக்குள்ள போய் ஒளியக்கூடாது, மந்தையைத் தாண்டக்கூடாது. ஆளைப் பாத்தா மட்டும் போதாது, பேரைச் சரியாச் சொல்லணும். பேரு தப்பாச் சொல்லிட்டா மறுபடி அம்பது எண்ணணும். அதுக்காகவே சட்டையை மாத்திப் போட்டுக்கிட்டு வைக்கப்படப்புக்குப் பின்னாடி முதுகை மட்டும் காட்டிட்டு நிப்போம். எவனாவது பின்னாடியே பூனை மாதிரி வந்து முதுகுல ஒண்ணு வச்சிட்டா கதை முடிஞ்சது, அவனே திரும்பக் கண்ணை மூடணும்.

இப்ப யோசிச்சா எல்லாமே அதுல இருக்கு. படப்பு அசையுதுன்னு தெரியறது ஒண்ணு, ஆளைப் பாக்கறது இன்னொண்ணு, அது யாருன்னு தெரியறது மூணாவது. பதுங்கித் தாக்கறதுக்கும் தனி விதி. ஆனா எல்லா விதியும் கண்ணை மூடிக்கிட்டு நிக்கறவனைச் சுத்தித்தான். அவன் விரல் சந்துல பாத்தான்னா ஆட்டமே கிடையாது.

மத்தியானம் தூக்கம் வராம பழைய விதிகளை எல்லாம் அசை போட்டேன். 1974-ல முதல்ல வந்தப்ப ரொம்ப எளிமை. ஆறு பக்கப் பகடையில ஒண்ணோ ரெண்டோ விழுந்தா அந்தக் கூட்டம் அசந்த நேரத்துல மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். 1975-ல ஒரு இணைப்புப் புத்தகத்துல திருடன் பாத்திரம் வந்துச்சு. 1978 புத்தகத்துல முதல் படியில இருக்கற திருடன் நிழல்ல மறைய வாய்ப்பு நூத்துக்குப் பத்து! (நம்ம ஊர் கோழித் திருடன் கூட அதைவிடக் கெட்டிக்காரன்.) 2000-ல மறையறவன் ஒரு பகடை, பாக்கறவன் ஒரு பகடை, சத்தமில்லாம நடக்க ஒண்ணு, காதுல கேக்க ஒண்ணுன்னு நாலு உருட்டு. 2008-ல அதைச் சுருக்கி, பதுங்கறதுக்கு ஒண்ணு, கவனிக்கறதுக்கு ஒண்ணுன்னு ஆக்கினாங்க. 2014-ல காவக்காரன் தேடாட்டியும் அவனோட கவனத்துக்குன்னு ஒரு எண் உண்டு: பத்தோட அவன் திறமையைக் கூட்டிக்கணும். அந்த எண்ணைத் தாண்டினாத்தான் தப்பிக்கலாம். 2024-ல அந்த 15 வந்து முன்னாடி நின்னுக்கிச்சு. எதிர்ல நிக்கறது தூங்குமூஞ்சியா கழுகுக் கண்ணாங்கறதெல்லாம் அதுக்கப்புறந்தான்.

எனக்குப் பிடிச்சது 1989-ல வந்த ரெண்டாவது பதிப்பு. அதுல திருடனுக்காகக் கதை சொல்றவரே ரகசியமா உருட்டுவார். மறைஞ்சாலும் மறையாட்டியும், தான் மறைஞ்சிட்டதாத்தான் திருடன் நெனச்சுக்குவான். அது எம்புட்டு உண்மை!

மாடு மீட்கிற கதையை எங்க இருந்து சுட்டேன்னும் சொல்லிடறேன். தொல்காப்பியப் புறத்திணையியல். வெட்சின்னா எதிரி நாட்டு மாட்டைக் கவர்றது, அதை மீட்டா கரந்தை. வெட்சிக்கு அவர் அடுக்கற துறைகளைப் பாருங்க. சுத்தி இருக்கறவன் அறியாம போறது, அறியாம ஒற்றுப் பாக்கறது, வளைச்சுக்கிட்டுத் தங்கறது, ஆகோள், துரத்தி வர்றவனைத் தடுக்கறது, மாடு நோகாம ஓட்டிட்டு வர்றது, அப்புறம் பங்கு பிரிக்கற பாதீடு, அதுக்கடுத்து உண்டாட்டு. அப்படியே ஒரு முழு ஆட்டம்! இது வெறும் ஏட்டுச் சமாச்சாரமும் இல்ல. 2006-ல தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில கிடைச்ச தமிழ்பிராமி நடுகல்லுலயே 'ஆகோள்'ங்கற சொல் இருக்கு. அதுல நான் கவனிச்சது, போறதுக்கும் சரி, ஒற்றுப் பாக்கறதுக்கும் சரி, 'புடைகெட'ன்னு ஒரு அடைமொழி வருது. சுத்தி இருக்கற கண்ணுக்குத் தப்பிங்கறது பேர்லயே இருக்கு. பாக்கறவன் இல்லாம மறைவு கிடையாது.

ராத்திரி திண்ணையில உக்காந்திருந்தப்ப என் சேக்காளி வந்தான். எங்க செட்டுல ஐஸ்பாய்னா அவன்தான். லேசுல யார் கண்ணுலயும் சிக்கமாட்டான். பெரியவன் நேரா அவன்கிட்டயே பஞ்சாயத்தைக் கொண்டு போயிட்டான். முழுக்கக் கேட்டுட்டு, "மருமகனே, நானும் ரொம்ப நாளா நான் நல்லா ஒளிஞ்சேன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்"னு ஆரம்பிச்சான்.

எனக்கே தெரியாத கதை. ஆறாப்பு பாதியில நின்னுட்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவன் அவன். விடியறதுக்கு முன்னாடி வேன் வரும், தூக்குவாளியோட நிப்பான், அது மட்டும் எனக்குத் தெரியும். தீப்பெட்டி, பட்டாசு வேலையில 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளை வைக்கக்கூடாதுன்னு 1986-லயே சட்டம் வந்தாச்சு. இது நடந்தது 90-களோட ஆரம்பத்துல. சோதனைக்கு ஆள் வருதுன்னு தெரிஞ்சா பிள்ளைகளைக் குச்சி மூட்டைக்குப் பின்னாடி உக்கார வச்சிருவாங்களாம். ஒருநாள் வந்தவர் மூட்டைகளுக்கு நடுவுலயே வந்துட்டாராம்.

"நான் மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கேன். அவரு என்னயப் பாத்துட்டாரு. என் கண்ணும் அவரு கண்ணும் நேருக்கு நேரா. அப்படியே திரும்பி, 'இங்க ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஜெயிச்சிட்டேன்னு சந்தோசமா வீட்டுக்கு வந்தேன் மருமகனே. பெறகுதான் தோணுச்சு, அன்னைக்கு அவரு பிடிச்சிருந்தா நானும் உங்க மாமாகூடப் பள்ளிக்கூடம் போயிருப்பேன்ல."

யாரும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு சின்னவன்தான் கேட்டான், "அவரு எத்தன போட்டாரு மாமா?"

"அவரு எங்கடா உருட்டுனாரு"ன்னு சிரிச்சான் சேக்காளி.

எனக்குச் சிரிப்பு வரல. அந்த வருசம் சாயங்காலம் அவன் விளையாட வராதப்ப, நாங்க வேற ஒருத்தனைச் சேத்துக்கிட்டு அம்பது எண்ண ஆரம்பிச்சோம். எங்கடா போறேன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. கண்டும் காணாம இருந்தது அந்த அதிகாரி மட்டுமில்ல.

மறுநாள் காலையில பெரியவன்கிட்ட போய், "நேத்து நான் கத்தினது தப்பு"ன்னேன். மூணு பேரும் உக்காந்து வீட்டு விதி எழுதினோம்:

1. ஒளியறதுக்கு முன்னாடி, பாக்கறவன் அந்த நேரத்துல என்ன செஞ்சுகிட்டு இருக்கான்னு கதை சொல்றவர் சொல்லியாகணும்.

2. மறைவை விட்டு வெளிய வந்தா, காவக்காரன் கவனம் வேற பக்கம் இருக்கற வரைக்கும்தான் செல்லும்.

3. ஒளியறவனுக்கான பகடையைக் கதை சொல்றவர் மறைச்சு உருட்டுவார். ஆட்டம் முடிஞ்சதும் எண்ணைக் காட்டணும். (இது பெரியவன் சேத்தது. நம்பிக்கை இன்னும் முழுசா வரல போல :-))

4. காவக்காரன் பாத்துட்டும் விட்டுட்டான்னா, ஏன் விட்டான்னு கதையில காரணம் இருக்கணும். (இது சின்னவன்.)

அன்னைக்கு ராத்திரி மறுபடி அதே தோட்டம், அதே நிலா. பெரியவன் கிணத்துச் சுவருக்குப் பின்னாடி பதுங்கினான். பகடையைத் தொடல.

"மாமா, காவக்காரன் இப்ப எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கான்?"

"பீடி பத்த வைக்கக் குனியறான். காத்துல தீக்குச்சி அணைஞ்சு போச்சு, ரெண்டாவது குச்சி எடுக்கறான்."

"இப்பப் போறேன்"னான்.

மாடு பதிரமா ஊர் வந்து சேந்துச்சு. அக்கா போட்ட முறுக்குல பாதீடும் உண்டாட்டும் ஆச்சு.

டிஸ்கி: கிளம்பற அன்னைக்குச் சாயங்காலம் பசங்களுக்கு ஐஸ்பாய் சொல்லிக் குடுக்க நானும் சேக்காளியும் இறங்கினோம். என்னை மூணே நிமிஷத்துல பிடிச்சிட்டானுங்க, தொப்பை சுவத்துக்கு வெளிய தெரிஞ்சுதாம். அவனைத் தேட முக்கா மணி நேரம் ஆச்சு. எல்லாரும் போதும்னு கிளம்பினப்பவும் நான் விடல, கண்டுபிடிச்சுப் பேரைச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.