இசைத்தட்டுக் கருவிக்குப் புதிய கால்கள்



சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் என் தந்தையாரின் பழைய இசைத்தட்டுக் கருவிக்குப் புதிய கால்களைப் பொருத்தினேன். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் குடும்பம் தவறாக விளங்கிக்கொண்டிருந்த ஒன்றை அந்தச் சிறு வேலைதான் எனக்கு உணர்த்தியது.

செமிலிங்கில் எங்களுடையது பலகை வீடு. தரையும் பலகைதான். பால்மரம் சீவிக் கிடைத்த வருமானத்தில் மிச்சம் பிடித்து, அப்பா சுங்கைப்பட்டாணியில் அக்கருவியைப் பழைய விலைக்கு வாங்கி வந்தார். மாலையில் பாட்டு ஒலிக்கும். நானும் தம்பியும் ஆடுவோம். ஊசி துள்ளும். ஒரு நாள் அப்பா போற்றி வைத்திருந்த இசைத்தட்டில் ஆழமான கீறல் விழுந்தது. அன்று தம்பிக்கு அடியும் விழுந்தது. அவனுக்கு வயது ஆறு. 'துள்ளுக்காலன்' என்ற பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. அதன்பின் அவன் எந்தப் பாட்டுக்கும் ஆடி நான் கண்டதில்லை.

இப்போது கருவியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நான்கு ரப்பர்க் கால்களில் இரண்டு வெடித்துக் கல்லாக இறுகியிருந்தன. ஒன்று நசுங்கியிருந்தது. நான்காவது இருந்த இடத்தில் ஒரு புட்டி மூடி! வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை நாளடைவில் இப்படிக் கெடுத்துவிடுகின்றன.

கால்களுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி தொட்டுணரும் நெளிவுகள் பெரும்பாலும் தலைமுடியின் பருமனினும் சிறியவை. தரையிலிருந்தோ ஒலிபெருக்கியிலிருந்தோ வரும் அதிர்வையும் ஊசி இசையென்றே எடுத்துக்கொள்ளும். அவ்வதிர்வு மீண்டும் பெருக்கப்பட்டு ஒலிபெருக்கி வழியே வெளிவந்து கருவியை இன்னும் அதிரச் செய்யும். பாட்டுக்குப் பின்னால் கேட்கும் அந்த 'ஊ...' என்ற ஊளைக்கு இதுவே காரணம்.

மெத்தென்று இருந்தால் போதும் என்று எண்ணி, முதலில் தடித்த பஞ்சுத் துண்டுகளை அடியில் வைத்தேன். ஊளை நின்றது. ஆனால் அறையில் யாரேனும் நடந்தால் கருவி தொட்டிலைப் போல் ஆடியது. ஊசி முன்னிலும் அதிகமாகத் துள்ளியது! ஆசிரியர் பயிற்சிக் கழகக் காலத்து அறிவியல் நூலைத் தேடியெடுத்து, அலைவுப் பாடத்தை மீண்டும் படித்தேன்.

மென்மையான தாங்கியின் மேல் நிற்கும் எப்பொருளுக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. எடையால் தாங்கி 1 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் அது ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். 4 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் 8 ஹெர்ட்ஸ். வெளியிலிருந்து வரும் அதிர்வு இந்த அளவைப்போல் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் தாங்கி அதைக் குறைக்கத் தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் குறைக்காது. இயல்பு அதிர்வெண்ணை ஒட்டி வந்தாலோ பெருக்கியே கொடுக்கும். ஒலிபெருக்கியின் அதிர்வு வேகமானது. பலகைத் தரையில் காலடியால் எழும் அசைவோ மிக மெதுவானது. பஞ்சு முதலாவதைத் தடுத்தது, இரண்டாவதை வளர்த்தது.

ஆகவே இரண்டு வேலைகள் செய்தேன். பழைய திருகாணியின் பருமனை அளந்து, அதற்கேற்ற நான்கு ரப்பர்க் கால்களை இரும்புக் கடையில் வாங்கிப் பொருத்தினேன். பின்னர், மண்ணில் ஊன்றிய வீட்டுத் தூணில் ஒரு தட்டு அடித்து, ரசமட்டம் வைத்துச் சமன்பார்த்துக் கருவியை அதன்மேல் ஏற்றினேன். தரை இனி ஆடினாலும் தூண் ஆடாது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் சிறப்புக் கால்கள் சந்தையில் உண்டு. ஊசி இல்லாத இக்காலப் பெருக்கிகளுக்கு அவற்றால் பெரும் பயன் இராது என்பதே என் கருத்து.

அந்த ரப்பர்க் கால்களைக் கையில் வைத்திருந்தபோது நம் முன்னோர் சீவிய பாலை நினைத்துக்கொண்டேன். இலண்டனில் செயிண்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க இரயில் நிலையத்தின்மேல் 1966-இல் எழுந்த அல்பனி கோர்ட் அடுக்குமாடி, இரயிலின் அதிர்வு ஏறாதிருக்க இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மேல் கட்டப்பட்டது. 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலமும் நிலநடுக்கத்தைத் தாங்க இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மேல் நிற்கிறது. அப்பாலத்திற்கு நம் கெடாவின் மறைந்த சுல்தான் அப்துல் ஹலிம் அவர்களின் பெயர்!

தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அப்பா பழைய பாட்டொன்றை வைத்தார். தம்பியின் மகள் பலகை அதிர ஆடத் தொடங்கினாள். தம்பி பதறி எழுந்து, "ஆடாதம்மா, தாத்தா தட்டு கெட்டுப்போயிடும்," என்று அவள் கையைப் பிடித்தான். ஊசி துள்ளவில்லை. பாட்டு நிற்காமல் ஓடியது.

அப்பா தூணையும் தட்டையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விடுப்பா, ஆடட்டும். அன்னைக்குப் பலகைதான் ஆடுச்சு. நான் பிள்ளையப் போட்டு அடிச்சேன்," என்றார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் கையை விட்டுவிட்டு, வாசல்பக்கம் போய் நின்றுகொண்டான்.

விடுமுறை முடிந்து வகுப்புக்குச் சென்றேன். மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவன். எழுதும்போது ஓயாமல் அசைவான், கையெழுத்து கோணும். "ஆடாமல் உட்கார்" என்று அவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அன்று அவன் எழுந்து போனபின் நானே அவன் இடத்தில் அமர்ந்து மேசைமேல் கையை ஊன்றினேன். மேசை ஆடியது. ஒரு காலின் ரப்பர் மூடி கழன்றிருந்தது. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு மூடி கொண்டுவந்து மாட்டினேன். அவன் இன்னமும் சிறிது அசையத்தான் செய்கிறான். ஆனால் கையெழுத்தில் பாதிக் கோணல் போய்விட்டது.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு எதற்கென்று விளங்கவில்லை. "பரவாயில்ல டீச்சர்," என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

அன்பர்களே, ஒரு பிள்ளையைத் திட்டுமுன் மேசையின் கால்களை ஒருமுறை குனிந்து பாருங்கள். குனிவதற்கு ஒரு நிமிடமே ஆகும்.